கோட்டுப் பை

"நீங்கள் யாருக்கு வேலை செய்கிறீர்கள்?"
நீதிபதி கேட்டார்.
"துணி கொண்டுவருகிறவர்களுக்கு"
என்றாள் எர்மிந்தா கல்யார்தோ.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சன்னலுக்கு வெளியே பாலைவனம்.
அதற்கப்பால் பசிபிக்கைப் பார்த்துப் புகைவிடும்
செம்பு உருக்காலை.
கலேத்தா அமார்கா என்ற இந்தத் துறைமுகத்தில்
ஆலைச் சீருடையை அலசினால்
தண்ணீர் மயில்துத்த நிறத்தில் இறங்கும்.
பதினோரு வருடமாக அவள் அதைச்
சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

போன ஆகஸ்டில் ஒரு பையில்
நாலாய் மடித்த தாள்.
பள்ளிக்கூடக் கூரைமேல் வைத்த கருவியின் கணக்கு:
காற்றில் ஆர்சனிக், மாதவாரியாக.
அன்றிரவு கடையடைத்து
உலர்த்தியின் சூட்டில் முதுகைச் சாய்த்து
தொலைபேசியில் தட்டி ஊருக்கு அனுப்பினாள்,
வழக்கமான எழுத்துப்பிழைகளோடு.
எந்தத் தெருவில் குழாய் வரவில்லை,
நகராட்சி யார் மைத்துனனுக்குச் சாலை கொடுத்தது
என்று அவள் எழுதுவதை எண்பது பேர் படிப்பார்கள்.
இதை விடிவதற்குள் நாற்பதாயிரம் பேர்.

"யாருடைய பை?"
ஆலை வக்கீலுக்கு அது மட்டும்தான் வேண்டும்.
எண்கள் பொய்யென்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள்.

பத்திரிகையாளர் என்றால் வாய் திறக்க வேண்டாம்.
சட்டத்தில் அதற்கொரு பத்தி இருக்கிறது.
அட்டை இருக்கிறதா? இல்லை.
ஆசிரியர்? இல்லை.
மாதச் சம்பளம்?
"கிலோவுக்கு ஆயிரத்து இருநூறு பேசோ,
இஸ்திரி தனி."

அவளைப் புனிதையாக்க நான் வரவில்லை.
தாளில் இல்லாத ஒரு பெயரை
ஊகித்து எழுதினாள் அவள்,
இரவுப்பணிப் பொறியாளர் பர்ரியென்தோஸ் என்று.
அவரல்ல.
அவர் மகள் மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை.
ஓர் ஆசிரியர் இருந்திருந்தால் அந்த வரியை வெட்டியிருப்பார்.
மறுநாள் அவள் அதே இடத்தில், அதே அளவு எழுத்தில்
மன்னிப்பு எழுதினாள்.
பிறகு அவர் வீட்டு வாசலுக்கும் போனாள்.
எங்கள் பத்திரிகை மறுப்பு வெளியிடும்,
ஆறாம் பக்கத்தில்,
இரவில் திறந்திருக்கும் மருந்துக்கடைப் பட்டியலுக்குக் கீழே.

ஆம், எங்கள் பத்திரிகை.
இருபத்தாறு வருடம் அதில் வேலை.
அட்டை என் கழுத்தில் தொங்குகிறது.
எனக்கொரு ஆசிரியர் உண்டு,
அவருக்கு ஆலை தரும் முழுப்பக்க விளம்பரம் உண்டு.

அந்தக் கோட்டு என்னுடையது.
பழுப்பு நிறம், இடது கைப்பொத்தான் இல்லை, சீட்டு எண் 62.
ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவர்
பேருந்து நிறுத்தத்தில் கண்ணைப் பார்க்காமல் தந்த தாளை
ஐந்து வாரம் பையிலேயே வைத்துத் திரிந்தேன்.
பிறகு கோட்டை வெளுக்கப் போட்டேன்.
மறந்தேனா, விட்டேனா
என்று கேட்காதீர்கள்.
எந்தப் பையையும் தடவிப் பார்க்காமல்
அவள் இயந்திரத்தில் போடமாட்டாள்
என்பது ஊருக்கே தெரியும்.

மடியில் கனம் எனக்கு.
வழியில் நிற்பது அவள்.

"கடைசி முறையாகக் கேட்கிறேன்" என்கிறார் நீதிபதி.
காவலர் சுவரிலிருந்து முதுகை எடுக்கிறார்.
நான் எழுந்தால் கேள்வி என்னிடம் திரும்பும்.
என்னிடம் வந்ததும் சட்டம் குறுக்கே வந்து நிற்கும்;
தாள் தந்தவரும் தப்புவார்.
எழுத எனக்குக் கிடைத்த காவல்
எழுதாத என்மேல் கிடக்கிறது,
வெயில் நாளில் மழைக்கோட்டுப் போல.

பெஞ்சு கிறீச்சிடுகிறது.
பாதி எழுந்த என்னை
எர்மிந்தா பார்த்துவிட்டாள்.
கடைவாசலில் அவசரக்காரர்களுக்குச் சொல்வதுபோல்
மெல்லத் தலையசைக்கிறாள்:
இன்னும் காயவில்லை,
நாளைக்கு வாருங்கள்.

என் முழங்கால்கள் மடியவும் இல்லை,
நிமிரவும் இல்லை.